புயலுக்கு முன்னே ஒரு செய்தி

1829ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள். தென் அமெரிக்காவின் பிளேட் ஆறு கடலில் கலக்கும் இடத்திற்கு அருகே 'பீகிள்' என்னும் சிறிய பாய்மரக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. அதன் தலைவருக்கு வயது 23. அவர் அந்தப் பொறுப்பை ஏற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. மால்டொனாடோ துறைமுகத்தை விரைவில் அடைய வேண்டும் என்பதே அவரது எண்ணமாக இருந்தது.

அன்று வெக்கை மிகுதியாக இருந்தது. தொலைவானில் மின்னல் வெட்டியது. கப்பலிலிருந்த காற்றழுத்தமானியில் பாதரசம் வழக்கத்தை விட மிகவும் கீழே இறங்கியிருந்தது. இவை யாவும் ஏதோ ஒன்று வரப்போவதை உணர்த்தின. எனினும், இளைஞரான கப்பல் தலைவர் அந்த அறிகுறிகளுக்கு உரிய மதிப்பை அளிக்கவில்லை. பாய்களை முன்கூட்டியே இறக்கச் சொல்லவில்லை.

சிறிது நேரத்தில், புல்வெளிகளைக் கடந்து வரும் 'பாம்பெரோ' என்னும் கடுங்காற்று கப்பலைத் தாக்கியது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய்மரங்களின் மேற்பகுதிகள் முறிந்து விழுந்தன. பாய்களைச் சுருட்டுவதற்காக மரத்தின்மேல் ஏறியிருந்த மாலுமிகளுள் இருவர் கடலுக்குள் வீசப்பட்டு மாண்டனர். கப்பல் எப்படியோ தப்பிப் பிழைத்தது.

அந்த இருவரின் இறப்புக்குத் தாமே பொறுப்பு என்று கப்பல் தலைவர் கருதினார். கருவி எச்சரித்தது, அவர்தாம் கேட்கவில்லை. இந்த எண்ணம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு அகலவில்லை. புயல் வருவதற்கு முன்பே மக்களை எச்சரிக்கும் முறையைப் பிற்காலத்தில் தம் நாட்டில் உருவாக்கிய ராபர்ட் ஃபிட்ஸ்ராய்தாம் அந்த இளைஞர்.

ஃபிட்ஸ்ராய் 1805ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் உள்ள ஆம்ப்டனில் ஓர் உயர்குடியில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பன்னிரண்டு வயதில் போர்ட்ஸ்மத் நகரிலிருந்த கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலும் கடற்பயணக் கலையிலும் அவர் சிறந்து விளங்கினார். 1824ஆம் ஆண்டு நடைபெற்ற கடற்படைத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றார். அதற்கு முன்னர் எவரும் அத்தேர்வில் முழு மதிப்பெண் பெற்றதில்லை.

பீகிள் கப்பலின் பெயர் இன்றும் உலகெங்கும் அறியப்படுகிறது. அதற்குக் காரணம் அதன் இரண்டாம் பயணம். 1831ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் தொடங்கிய அந்தப் பயணத்தில் சார்ல்ஸ் டார்வின் என்னும் இளம் இயற்கை ஆய்வாளர் உடன் சென்றார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்த அப்பயணத்தில் டார்வின் செடிகளையும் விலங்குகளையும் பாறைகளையும் ஆராய்ந்தார். ஃபிட்ஸ்ராய் கடற்கரைகளை அளந்து வரைபடங்கள் தயாரித்தார். அத்துடன் காற்றின் வேகத்தையும் காற்றழுத்தத்தையும் நாள்தோறும் குறித்துவந்தார். காற்றின் வலிமையை எண்களால் குறிக்கும் போஃபோர்ட் அளவுமுறை இந்தப் பயணத்தில்தான் முதன்முதலாக அதிகாரபூர்வமாகப் பயன்படுத்தப்பட்டது.

1833ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹார்ன் முனைக்கு அருகே பீகிள் மீண்டும் ஒரு கடும் புயலில் சிக்கியது. மலை போன்ற அலைகள் அடுத்தடுத்து மோதின. மேல்தளம் முழுவதும் நீர் நிரம்பிக் கப்பல் சாய்ந்தது. நீர் வெளியேறுவதற்கான பக்கக் கதவுகள் திறக்கப்பட்டதால் அது மெல்ல நிமிர்ந்தது. ஒரு படகு உடைந்து போனது; கப்பல் பிழைத்தது. கடலோடு வாழ்பவர்களுக்குத் துணிவு மட்டும் போதாது, முன்னெச்சரிக்கையும் வேண்டும் என்பதை இத்தகைய அனுபவங்கள் ஃபிட்ஸ்ராய்க்குக் கற்றுக்கொடுத்தன.

நாடு திரும்பிய பின்னர் அவர் பல பொறுப்புகளை வகித்தார். பாராளுமன்ற உறுப்பினரானார். 1843ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். நில உரிமை குறித்த பூசல்களில் மாவோரி மக்களின் பக்கத்து நியாயத்தையும் அவர் கேட்டார். குடியேறிய வெள்ளையர்களுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் அவர் திருப்பி அழைக்கப்பட்டார். உடல்நலமும் குன்றியது. 1850ஆம் ஆண்டு கடற்படையின் நேரடிப் பணியிலிருந்து விலகினார். அவரது வாழ்வின் பெரும்பணி அதன் பிறகுதான் தொடங்கியது.

அக்காலத்தில் பிரிட்டனைச் சுற்றியிருந்த கடல் எண்ணற்ற உயிர்களைப் பலிவாங்கியது. 1855ஆம் ஆண்டு முதல் 1860ஆம் ஆண்டு வரையில் மட்டும் அந்நாட்டின் கரையோரங்களில் 7,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் சேதமடைந்தன. 7,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காலையில் மீன்பிடிக்கச் சென்ற தந்தை மாலையில் திரும்புவாரா என்று தெரியாமல் கடலோரச் சிற்றூர்களில் குடும்பங்கள் காத்திருந்தன. புயல் என்பது யாராலும் முன்கூட்டி அறிய முடியாத ஒன்று எனப் பெரும்பாலோர் நம்பினர்.

1854ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசாங்கம் வணிக வாரியத்தின்கீழ் ஒரு சிறிய வானிலைப் பிரிவை அமைத்தது. ஃபிட்ஸ்ராய் அதற்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாகச் சில பணியாளர்களே இருந்தனர். கப்பல்களிலிருந்து வானிலைக் குறிப்புகளைத் திரட்டி அட்டவணைப்படுத்துவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. வானிலையை முன்னறிவிக்கும்படி எவரும் அவர்களைப் பணிக்கவில்லை. அதே ஆண்டில், இலண்டனின் வானிலையை ஒரு நாளைக்கு முன்பே அறியும் காலம் வரலாம் என்று பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கூறியபோது, அவையில் சிரிப்பொலி எழுந்தது.

ஃபிட்ஸ்ராய் சிரிக்கவில்லை. பல்வேறு கப்பல்களின் தலைவர்களுக்குக் காற்றழுத்தமானி, வெப்பமானி முதலிய கருவிகளைக் கொடுத்து, பயணம் முடிந்ததும் குறிப்புகளைப் பெற்றுக்கொண்டார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. காற்றழுத்தமானி வாங்க வசதியில்லாத மீனவர்களை நினைத்துப் பார்த்தார். உறுதியான, எளிதில் படிக்கக்கூடிய காற்றழுத்தமானிகளை ஏழை மீன்பிடித் துறைகளில் பொது இடங்களில் பொருத்த ஏற்பாடு செய்தார். படகு புறப்படும் முன்பு யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம்.

அந்தக் கருவி என்ன சொல்கிறது? நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கும் எடை உண்டு. அந்த எடை தரும் அழுத்தத்தைக் காற்றழுத்தமானி காட்டுகிறது. ஓரிடத்தில் அழுத்தம் குறையும்போது, அழுத்தம் கூடுதலாக உள்ள சுற்றுப்புறங்களிலிருந்து காற்று அந்த இடத்தை நோக்கிப் பாய்கிறது. பூமி சுழல்வதால் அது நேராகச் செல்லாமல் வளைந்து சுழல்கிறது. ஆகவே, பாதரசம் வேகமாக இறங்கினால் பலத்த காற்றும் மழையும் வரக்கூடும் என்று பொருள். 1829இல் ஃபிட்ஸ்ராய் பொருட்படுத்தாமல் விட்ட அதே செய்தியை, இப்போது மீனவர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

1859ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரிட்டனையே உலுக்கிய ஒரு விபத்து நிகழ்ந்தது. 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலிருந்து லிவர்பூல் துறைமுகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. தங்கச் சுரங்கங்களில் உழைத்துப் பொருள் சேர்த்தவர்கள் பலர் குடும்பத்துடன் அதில் திரும்பிக்கொண்டிருந்தனர். ஏறத்தாழ இரண்டு மாதப் பயணம் முடிய இன்னும் சில மணி நேரமே இருந்தது.

அக்டோபர் 25ஆம் நாள் இரவு, வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சீ தீவுக்கு அருகே புயல் கப்பலைச் சூழ்ந்தது. நங்கூரங்களைப் பாய்ச்சினார்கள், சங்கிலிகள் அறுந்தன. காற்றின் பிடியைக் குறைக்கப் பாய்மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், அதுவும் உதவவில்லை. மறுநாள் காலையில் கப்பல் பாறைகளில் மோதி உடைந்தது. மால்ட்டா நாட்டைச் சேர்ந்த மாலுமி ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கொந்தளிக்கும் கடலில் நீந்திக் கரையேறினார். அந்தக் கயிற்றின் உதவியால் சிலர் காப்பாற்றப்பட்டனர். ஆனால், ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். கப்பலில் இருந்த பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதே புயலில் 130க்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. மொத்தம் ஏறத்தாழ 800 பேர் உயிரிழந்தனர்.

நாடே துயரத்தில் ஆழ்ந்திருந்தபோது, ஃபிட்ஸ்ராய் கிடைத்த குறிப்புகளையெல்லாம் திரட்டினார். கலங்கரை விளக்கங்களிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் வந்த அளவுகளை மணிவாரியாக வரைபடத்தில் குறித்தார். அப்போது ஓர் உண்மை தெளிவாயிற்று. புயல் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் தோன்றவில்லை. அது நகர்ந்து வந்திருந்தது. அக்டோபர் 25ஆம் நாள் பிற்பகலில் நாட்டின் தென்மேற்குக் கரையைத் தாக்கிய புயல், பல மணி நேரம் கழித்தே ஆங்கில்சீயை அடைந்திருந்தது.

புயல் எவ்வளவு வேகமாக வந்தாலும் தந்தி அதைவிட வேகமானது. தெற்கே புயல் தொடங்கியதும் அங்கிருந்து இலண்டனுக்கும், இலண்டனிலிருந்து வடக்கே உள்ள துறைமுகங்களுக்கும் தந்தி அனுப்பினால், புயலுக்கு முன்பே செய்தி போய்ச் சேரும். இது எளிமையான சிந்தனைதான். ஆனால், பல உயிர்களைக் காக்கக்கூடியது.

ஃபிட்ஸ்ராயின் வேண்டுகோளை அரசாங்கம் ஏற்றது. 1860ஆம் ஆண்டு கடற்கரையோரம் 15 நிலையங்கள் அமைக்கப்பட்டன. அங்கிருந்தவர்கள் நாள்தோறும் காற்றழுத்தம், வெப்பநிலை, காற்று வீசும் திசை ஆகியவற்றை இலண்டனுக்குத் தந்தி வழியாக அனுப்பினர். ஆபத்து நெருங்குவதாகத் தெரிந்தால், ஃபிட்ஸ்ராயின் அலுவலகத்திலிருந்து துறைமுகங்களுக்கு உடனே எச்சரிக்கை பறந்தது.

ஆனால், கடலில் இருக்கும் கப்பலுக்குத் தந்தி சென்று சேராதே! அதற்கும் அவர் ஒரு வழி கண்டார். கரையில் உயரமான கம்பம் நட்டு, அதில் துணியால் செய்த பெரிய கூம்பையும் உருளையையும் ஏற்றச் செய்தார். கூம்பின் முனை மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்து பலத்த காற்று வரும். கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்து வரும். உருளை மட்டும் தொங்கினால் காற்று பல திசைகளிலிருந்து அடுத்தடுத்து வீசக்கூடும். கூம்பும் உருளையும் சேர்ந்து தொங்கினால் பேராபத்து. இரவில் அவற்றுக்குப் பதிலாக விளக்குகள் ஏற்றப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத மாலுமியும் தொலைவிலிருந்தே இந்தச் செய்தியைப் புரிந்துகொள்ள முடிந்தது.

1861ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் புயல் எச்சரிக்கை வெளியிடப்பட்டது. ஆயினும், சில கப்பல்கள் அதனைப் பொருட்படுத்தாமல் வடகிழக்குக் கரையிலிருந்து கடலுக்குள் சென்றன. எச்சரித்தபடியே புயல் வந்தது. கப்பல்கள் பல உடைந்தன, உயிர்கள் பறிபோயின. எச்சரிக்கை கொடுப்பது பாதி வேலைதான்; அதைக் கேட்டு நடப்பதே மறுபாதி என்பதை அந்நிகழ்வு காட்டியது. இதை ஃபிட்ஸ்ராயைவிட நன்கு அறிந்தவர் யார்?

அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள், 'தி டைம்ஸ்' நாளிதழில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வெளிவந்தது. ஃபிட்ஸ்ராய் தம் கணிப்பை ஆரூடம் என்றோ சோதிடம் என்றோ அழைக்கவில்லை. அளவுகளை ஆராய்ந்து பெறும் ஒரு கருத்து என்பதை உணர்த்தும் வகையில் 'முன்னறிவிப்பு' என்னும் பொருள்தரும் சொல்லைத் தேர்ந்தெடுத்தார். இன்று உலகெங்கும் அந்தச் சொல்லே வழங்குகிறது.

மக்கள் முன்னறிவிப்புகளை ஆவலுடன் படித்தனர். ஆனால், கணிப்பு ஒருநாள் பொய்த்தால் மறுநாளே கேலி தொடங்கியது. நாளிதழ்கள் நையாண்டி செய்தன. கூம்பு ஏற்றப்பட்ட நாளில் படகுகள் கடலுக்குச் செல்லாததால் வருமானம் போய்விட்டதென மீன்பிடிப் படகுகளின் முதலாளிகள் சிலர் குறை கூறினர். அறிவியல் அறிஞர்கள் சிலர், உறுதியான விதிகள் இல்லாமல் கணிப்புகளை வெளியிடுவது தவறு என்று வாதிட்டனர். தந்திக்கு ஆகும் செலவைப் பற்றிய கேள்விகளும் எழுந்தன.

அறிஞர்களின் வாதத்தில் ஓரளவு உண்மை இருந்தது. அந்தக் காலத்தில் செயற்கைக்கோள் இல்லை, கணினி இல்லை, அட்லாண்டிக் கடலின் நடுவே என்ன நடக்கிறது என்று சொல்ல எவரும் இல்லை. சில நிலையங்களின் அளவுகளையும் தம் அனுபவத்தையும் மட்டுமே கொண்டு ஃபிட்ஸ்ராய் கணித்தார். தவறு நேரும் என்பதை அவரும் மறுக்கவில்லை. எனினும், முழு அறிவு கிடைக்கும்வரை காத்திருந்தால் அதுவரை மாள்பவர்களுக்கு யார் பொறுப்பு? ஒரு நாள் வருமானத்தை இழப்பதைவிட ஓர் உயிரை இழப்பது பெரிது. அவரது புயல் எச்சரிக்கைகளுள் பெரும்பாலானவை பலித்தன என்பது பின்னாளில் தெரியவந்தது.

இரவும் பகலும் உழைத்ததால் அவரது உடல் தளர்ந்தது. பொதுப்பணிகளுக்குத் தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டதால் செல்வம் கரைந்தது. ஓயாத கண்டனங்கள் மனத்தை வாட்டின. மனச்சோர்வு ஒரு நோய் என்றும் அதற்கு உதவி நாடலாம் என்றும் பலர் அறியாத காலம் அது. அந்நோய் முற்றிய நிலையில், 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், தம் 59ஆவது வயதில் அவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். அவர் இறந்த பின்னரே குடும்பம் கடனில் தவிப்பது தெரிந்தது. நண்பர்கள் நிதி திரட்டினர். கருத்து வேறுபாட்டால் விலகியிருந்த டார்வினும் 100 பவுண்டு அளித்தார்.

ஃபிட்ஸ்ராய் மறைந்த அடுத்த ஆண்டே பொதுமக்களுக்கான முன்னறிவிப்புகள் நிறுத்தப்பட்டன. புயல் எச்சரிக்கைகளும் 1866ஆம் ஆண்டின் இறுதியில் நின்றன. கம்பங்களில் கூம்புகள் ஏறவில்லை. அப்போதுதான் கடலோர மக்கள் தாங்கள் இழந்தது என்னவென்று உணர்ந்தனர். மாலுமிகளும் மீனவர்களும் துறைமுகத்தாரும் எச்சரிக்கைகள் மீண்டும் வேண்டும் என்று அரசாங்கத்தை வலியுறுத்தினர். சில சமயம் பொய்த்தாலும் அந்த எச்சரிக்கை தங்களுக்குத் தேவை என்பதே அவர்களின் முடிவாக இருந்தது. 1867ஆம் ஆண்டில் புயல் எச்சரிக்கைகள் மீண்டும் தொடங்கின. 1879ஆம் ஆண்டில் நாளிதழ் முன்னறிவிப்புகளும் திரும்பி வந்தன.

அவர் தொடங்கிய சிறிய பிரிவு இன்று பிரிட்டனின் தேசிய வானிலை அலுவலகமாக வளர்ந்துள்ளது. 2002ஆம் ஆண்டு, கப்பல்களுக்கான வானிலை அறிக்கையில் இடம்பெறும் கடற்பகுதி ஒன்றுக்கு 'ஃபிட்ஸ்ராய்' என்று பெயர் சூட்டப்பட்டது. அவர் ஏழை மீனவர்களுக்காகக் கொடுத்த காற்றழுத்தமானிகள் சில, பழைய துறைமுகங்களில் இன்றும் காட்சி தருகின்றன.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிளந்தான், திரங்கானு போன்ற மாநிலங்களில் தொடர்மழை பெய்யும்போது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் எச்சரிக்கைகள் வெளியிடப்படுகின்றன. கம்பத்தில் ஏறிய கூம்பு இன்று கைத்தொலைபேசித் திரையில் வண்ணமாகத் தோன்றுகிறது. ஆற்றுநீர் ஏறுமுன் முக்கிய ஆவணங்களையும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு தற்காலிக நிவாரண மையத்திற்குச் செல்லும் குடும்பத்திற்கு, சில நேரங்களில் வெள்ளம் வராமலும் போகலாம். அப்போது அவர்கள் இழப்பது ஓரிரவுத் தூக்கத்தை மட்டுமே. எச்சரிக்கையைக் கேளாமல் இருந்து வெள்ளம் வந்துவிட்டால் இழப்பு எவ்வளவு என்பதை, இருபத்து மூன்று வயதில் இரண்டு மாலுமிகளைப் பறிகொடுத்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய் நன்கு அறிந்திருந்தார்.